2041-ல் ஊரில் எத்தனை வீடு? ஆற்றங்கரைக் கிராமங்கள் இன்றே போட வேண்டிய கணக்கு

ஓர் ஏக்கருக்கு எத்தனை கிலோ விதை வேண்டும், எத்தனை சென்ட் நாற்றங்கால் வேண்டும், எத்தனை மூட்டை உரம் வேண்டும் என்று கணக்குப் பார்க்காமல் எந்த உழவரும் வயலில் இறங்குவதில்லை. ஆனால் ஊர் எவ்வளவு வளரும், வளரும் ஊருக்கு வீடு கட்ட எவ்வளவு நிலம் வேண்டும், அந்த நிலம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்ற கணக்கைப் பெரும்பாலான கிராமங்கள் போடுவதே இல்லை. அதனால் ஊர் தன் போக்கில் வளர்கிறது. நஞ்சையும் வாய்க்காலும் ஆற்றுப் படுகையும் மனைகளாகின்றன. பிறகு ஒரு கார்த்திகை மாதத்தில் தண்ணீர் வீட்டுக்குள் வந்து கணக்கைச் சொல்கிறது.

இந்தக் கணக்கு கடினமானது அல்ல. பத்தாம் வகுப்புப் படித்த இளைஞர் ஒருவர் ஒரே நாளில் போட்டுவிடலாம். அதன் முறையையும் பயனையும், பாலாற்றங்கரையில் உள்ள பழையசீவரம் பகுதியை முன்வைத்துப் பார்ப்போம்.

மூன்று ஆறுகள் கூடும் இடம்

வாலாஜாபாத்துக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே சாலையும் இரயில் பாதையும் ஒட்டிச் செல்லும் ஊர் பழையசீவரம். குன்றின் மேல் லட்சுமி நரசிம்மர் கோயில், கீழே பாலாறு, எதிர்க்கரையில் திருமுக்கூடல். பாலாற்றுடன் செய்யாறும் வேகவதியும் இங்குதான் கலக்கின்றன. தை மாதம் பார்வேட்டைக்குக் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் பழையசீவரத்துக்கு எழுந்தருளி, ஆற்றைக் கடந்து திருமுக்கூடலுக்குச் செல்வதைக் காணப் பெருங்கூட்டம் கூடுகிறது. பல ஆண்டுகளில் அந்தக் கூட்டம் நிற்பது வெறும் மணலில்தான். மணலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அது ஆறு என்பது மறந்துவிடுகிறது.

பாலாற்றின் நீளம் சுமார் 348 கிலோமீட்டர். கர்நாடகத்தில் தோன்றி, ஆந்திரத்தைக் கடந்து, தமிழ்நாட்டில் மட்டும் 222 கிலோமீட்டர் ஓடுகிறது. 1903 நவம்பரில் இந்த ஆற்றில் வந்த பெருவெள்ளம் வாணியம்பாடியில் பேரழிவை உண்டாக்கியது. அதன் பிறகு அவ்வப்போது தண்ணீர் வந்தாலும் அந்த அளவுக்கு வெள்ளம் இல்லை. 2021 நவம்பர் 19 அன்று வாலாஜா அருகே உள்ள பாலாறு அணைக்கட்டில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கும் அதிகமான தண்ணீர் வந்தது. இடைவெளி 118 ஆண்டுகள். தாத்தாவும் அப்பாவும் பார்க்காத வெள்ளத்தைப் பேரன் பார்த்தான்.

இதில்தான் ஆபத்து இருக்கிறது. அடிக்கடி வரும் வெள்ளத்துக்கு ஊர் பழகிவிடும். மேட்டில்தான் வீடு கட்டும். தலைமுறைக்கு ஒரு முறை வரும் வெள்ளத்தை ஊர் மறந்துவிடும். மறந்த இடைவெளியில்தான் மனைக் கற்கள் நடப்படுகின்றன.

நூறு ஆண்டு வெள்ளம் என்றால் என்ன?

"நூறு ஆண்டுக்கு ஒரு முறை வரும் வெள்ளம்" என்று பொறியாளர்கள் கூறுவதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒரு முறை வந்துவிட்டால் இனி நூறு ஆண்டுக்குக் கவலை இல்லை என்பது அதன் பொருள் அல்ல. ஒவ்வோர் ஆண்டும் அப்படிப்பட்ட வெள்ளம் வர நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே பொருள். அப்படிப்பட்ட இடத்தில் வீடு கட்டி 30 ஆண்டு குடியிருப்பவர், ஒரு முறையாவது அந்த வெள்ளத்தைக் காணும் வாய்ப்பு நூற்றுக்கு 26. அதாவது நான்கில் ஒரு பங்கு. நான்கு விதைப்பில் ஒன்று கட்டாயம் அழியும் என்று தெரிந்தால் உழவர் அந்த வயலில் கடன் வாங்கி முதல் போடுவாரா? வீட்டுக்கும் அதே கணக்குத்தான்.

மக்கள்தொகை வளர்ச்சியைக் கணிக்கும் முறை

கணக்குக்கு வேண்டியவை இரண்டு கணக்கெடுப்புகளின் எண்கள். 2001, 2011 ஆகிய ஆண்டுகளின் கிராமவாரி மக்கள்தொகை கணக்கெடுப்புத் துறையின் வெளியீடுகளில் உள்ளது. 2021-ல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போயிற்று. அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 கணக்கு நாளாக அறிவிக்கப்பட்டுள்ளது. புதிய எண் கிடைத்ததும் கணக்கைத் திருத்திக்கொள்ளலாம். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை.

விளங்குவதற்காக ஒரு கற்பனைக் கிராமத்தை எடுத்துக்கொள்வோம். 2001-ல் 2,400 பேர். 2011-ல் 2,760 பேர். பத்து ஆண்டில் 360 பேர் கூடியுள்ளனர். இது நூற்றுக்கு 15.

முதல் கணக்கு, கீழ்க் கணக்கு: பத்து ஆண்டுக்கு அதே 360 பேர் கூடுவதாகக் கொள்வது. 2021-ல் 3,120, 2031-ல் 3,480, 2041-ல் 3,840.

இரண்டாவது, நடுக் கணக்கு: பத்து ஆண்டுக்கு நூற்றுக்கு 15 வீதம், வட்டிக்கு வட்டி போல வளர்வதாகக் கொள்வது. 2021-ல் 3,174, 2031-ல் 3,650, 2041-ல் சுமார் 4,200.

மூன்றாவது, மேல் கணக்கு: வெளியிலிருந்து மக்கள் வந்து குடியேறுவதையும் சேர்த்துப் பார்ப்பது. இதற்கு மாவட்டத்தின் அனுபவம் துணை செய்கிறது. 2001-க்கும் 2011-க்கும் இடையே தமிழ்நாட்டின் மக்கள்தொகை நூற்றுக்கு 15.6 வளர்ந்தது. ஆனால் அன்றைய பிரிக்கப்படாத காஞ்சிபுரம் மாவட்டம் 28,77,468-லிருந்து 39,98,252 ஆக, நூற்றுக்கு 39 வளர்ந்தது. பிறப்பு மட்டும் இதற்குக் காரணம் அல்ல. சென்னையின் விரிவும் தொழிற்சாலைகளும் காரணம். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார் ஆலை உற்பத்தியைத் தொடங்கிய பிறகு அந்தப் பகுதி எப்படி மாறியது என்பதைச் சுற்று வட்டார உழவர்கள் அறிவார்கள். நம் எடுத்துக்காட்டு ஊரும் 2011-க்குப் பின் நூற்றுக்கு 39 வீதம் வளர்ந்தால், 2021-ல் 3,836, 2031-ல் 5,333, 2041-ல் சுமார் 7,400.

மூன்று விடைகளில் எது சரி என்று கேட்கலாம். எதுவும் அப்படியே நடக்கும் என்று உறுதி கூற முடியாது. நாட்டுக்கும் மாநிலத்துக்கும் போடும் கணிப்பைவிடச் சிறு கிராமத்துக்குப் போடும் கணிப்பில் பிழை அதிகம். ஒரு தொழிற்சாலை வந்தாலும் கணக்கு மாறும். ஒன்று மூடினாலும் மாறும். ஆகவே ஒரே எண்ணை நம்பக் கூடாது. கீழ், நடு, மேல் என்ற மூன்றையும் வைத்துக்கொண்டு, ஊர் எதை நோக்கிப் போகிறது என்று ஆண்டுதோறும் பார்த்துவர வேண்டும். மானாவாரி உழவர் நல்ல மழைக்கும் குறை மழைக்கும் சேர்த்தே திட்டமிடுவது போன்றதே இது.

ஊருக்குள்ளேயே கிடைக்கும் அடையாளங்கள்

ஊர் எந்தக் கணக்கில் போகிறது என்பதை அறியச் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. ஊராட்சியின் வீட்டு வரிக் கேட்புப் பதிவேடு, புதிய மின் இணைப்புகள், குடும்ப அட்டைகளின் எண்ணிக்கை, அங்கன்வாடியிலும் தொடக்கப் பள்ளியிலும் உள்ள பிள்ளைகளின் எண்ணிக்கை, ஓராண்டில் பதிவான மனைப் பத்திரங்கள் ஆகிய ஐந்தையும் ஒரே நோட்டுப் புத்தகத்தில் ஆண்டுக்கு ஒரு முறை எழுதினால் போதும். பள்ளியில் பிள்ளைகள் கூடாமல் மனைப் பத்திரங்கள் மட்டும் கூடினால், வெளியூரார் முதலீட்டுக்காக வாங்குகிறார்கள் என்று பொருள். பிள்ளைகளும் கூடினால் குடியேற்றம் தொடங்கிவிட்டது.

வெளிக் காரணங்களையும் கவனிக்க வேண்டும். சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்க 2022-ல் அரசு ஆணையிட்டது. அதே ஆண்டில் காஞ்சிபுரம் மாவட்டம் பரந்தூரில் விமான நிலையம் அமைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதை எதிர்த்து அப்பகுதி உழவர்கள் போராடி வந்தனர். திட்டம் எந்த வடிவம் பெற்றாலும், இத்தகைய அறிவிப்பு வந்ததுமே சுற்று வட்டாரத்தில் நில விலை பேச்சு எழுந்துவிடுகிறது. ஊர் கணக்குப் போடுவதற்கு முன் மனைத் தரகர் கணக்குப் போட்டுவிடுகிறார்.

மக்களை வீடாக, வீட்டை நிலமாக மாற்றுதல்

மக்கள் கூடுவதைவிட வேகமாக வீடுகள் கூடுகின்றன. கூட்டுக் குடும்பங்கள் பிரிவதே காரணம். எடுத்துக்காட்டு ஊரில் 2011-ல் வீட்டுக்கு 4 பேர் என்றால் 690 வீடுகள். இனி வீட்டுக்கு 3.5 பேர் என்றானால், மக்கள்தொகை ஒருவர் கூடக் கூடாவிட்டாலும் சுமார் 100 வீடுகள் அதிகம் வேண்டும்.

அந்த வீதப்படி 2041-ல் வேண்டிய வீடுகள்: கீழ்க் கணக்கில் 1,100, நடுக் கணக்கில் 1,200, மேல் கணக்கில் 2,110. இருக்கும் 690 வீடுகளைக் கழித்தால், புதிதாகக் கட்ட வேண்டியவை முறையே 410, 510, 1,420. வீட்டு மனை, தெரு, சாக்கடை, விளையாட்டுத் திடல் எல்லாம் சேர்த்து வீட்டுக்கு 5 சென்ட் என்று வைத்தால் வேண்டிய நிலம் முறையே 20.5 ஏக்கர், 25.5 ஏக்கர், 71 ஏக்கர்.

இந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் உண்மையான கேள்வி எழுகிறது. அந்த நிலம் எங்கே இருக்கிறது? 71 ஏக்கரும் ஏரிப் பாசன நஞ்சையிலிருந்து போனால், போகத்துக்கு ஏக்கருக்கு 2 டன் நெல் என்று வைத்துக்கொண்டாலும் 142 டன் நெல் ஒவ்வொரு போகத்திலும் இல்லாமல் போகும். ஆற்றோரத்திலிருந்து போனால் உயிருக்கே ஆபத்து. மேட்டுப் புஞ்சையிலும் பழைய நத்தத்தை ஒட்டிய தரிசிலும் இடம் ஒதுக்கினால் இரண்டு இழப்பும் இல்லை.

குடிநீரையும் இதே போலப் பார்க்கலாம். ஜல் ஜீவன் திட்டத்தின் அளவுப்படி ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். நடுக் கணக்கில் 2,31,000 லிட்டர். மேல் கணக்கில் 4,07,000 லிட்டர். கிணறும் மேல்நிலைத் தொட்டியும் அதற்கு ஈடுகொடுக்குமா என்று முன்பே பார்க்க வேண்டும்.

வரைபடத்தில் ஐந்து கோடுகள்

கணக்குக்கு அடுத்தது வரைபடம். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள கிராம வரைபடத்தின் நகல் ஒன்றில் கீழ்க்காண்பவற்றை வண்ணமிட வேண்டும்.

1. வெள்ளக் கோடு: 2015-லும் 2021-லும் தண்ணீர் எந்தப் புல எண் வரை வந்தது என்பதைப் பார்த்தவர்கள் உயிரோடும் நினைவோடும் இருக்கும்போதே குறிக்க வேண்டும். சுவரிலும் மின் கம்பத்திலும் படிந்த அடையாளத்துக்கு வண்ணம் பூசி ஆண்டை எழுதி வைப்பது நல்லது.

2. ஏரியின் முழு நீர்மட்டம்: உள்வாய் வறண்டிருக்கும் ஆண்டில் அங்கே பயிர் தெரியும், நிறையும் ஆண்டில்தான் ஏரி தெரியும்.

3. கலங்கலும் அதிலிருந்து உபரி நீர் செல்லும் வழியும்: இது பெரும்பாலும் மறக்கப்படும் கோடு. கலங்கலுக்குக் கீழே கட்டும் வீடு, திறந்த மதகின் முன் படுத்துறங்குவதற்குச் சமம்.

4. வரத்து வாய்க்கால்களும் பாசன வாய்க்கால்களும்: தூர்ந்து போனவற்றையும் விடாமல் குறிக்க வேண்டும். வாய்க்கால் தூர்ந்தாலும் பள்ளம் தூர்வதில்லை.

5. ஆயக்கட்டு நஞ்சை: மடைவாரியாகக் குறிக்க வேண்டும். நடுவில் நாலு மனை வந்தால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது.

ஐந்து கோடுகளும் போட்ட பிறகு வெறுமையாக நிற்கும் மேட்டு நிலமே ஊர் வளர வேண்டிய இடம். வேண்டிய ஏக்கர் கணக்கை அதனுடன் ஒப்பிட வேண்டும். போதுமானால் அங்கேயே தெருக்களுக்கும் குடிநீர்த் தொட்டிக்கும் இடம் குறிக்கலாம். போதாவிட்டால் மாடி வீடுகளை ஊக்குவிப்பதா, பக்கத்து ஊராட்சியுடன் கலந்து பேசுவதா என்று முடிவு செய்யலாம்.

எண்ணால் மாறுபவை, மாறாதவை

கணிப்பு தவறினால் என்ன செய்வது என்ற ஐயத்துக்கு இங்கே விடை இருக்கிறது. சாலையின் அகலம், தொட்டியின் கொள்ளளவு, பள்ளியின் வகுப்பறைகள், சுடுகாட்டின் பரப்பு ஆகியவை எண்ணைப் பொறுத்து மாறும். இவற்றுக்கு மேல் கணக்கின்படி இடத்தை மட்டும் விட்டுவைத்து, நடுக் கணக்கின்படி கட்டினால் போதும், நட்டம் வராது. ஆனால் வெள்ளக் கோட்டுக்குள்ளும் கலங்கல் வழியிலும் வீடு கூடாது என்பது எந்த எண்ணாலும் மாறாது. 3,840 பேர் வந்தாலும் 7,400 பேர் வந்தாலும் ஆற்றுக்கு வேண்டிய அகலம் ஒன்றே.

தவறினால் என்ன ஆகும் என்பதற்கு, அதே பழைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் சான்று உண்டு. தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் அடையாற்றின் தொடக்கத்தில் உள்ள தாழ்ந்த நிலங்கள். சில பத்தாண்டுகளில் வீடுகளால் நிறைந்தன. 2015 டிசம்பர் முதல் நாளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது அந்தத் தெருக்களில் படகுகள் ஓடின. அங்கே வீடு வாங்கியவர்களில் பலர் வாழ்நாள் சேமிப்பை மனையில் போட்ட நடுத்தரக் குடும்பத்தினர். அவர்களுக்கு அந்த நிலத்தின் கதையைச் சொல்ல ஊரில் ஆள் இல்லை.

தடுப்பணை இருப்பதால் இனி பயமில்லை என்ற எண்ணமும் தவறு. பழையசீவரம் அருகே பாலாற்றில் தடுப்பணை கட்டப்பட்டுள்ளது. அது தண்ணீரைத் தேக்கி நிலத்தடி நீரை உயர்த்துவதற்கு உதவும், பெருவெள்ளத்தை நிறுத்தாது. கிணற்றில் நீர் உயர்ந்தால் கரையோர நிலத்துக்கு மதிப்பும் உயரும். ஆகவே தடுப்பணை உள்ள ஊரில் கூடுதல் எச்சரிக்கையே தேவை.

கோட்டுக்குள் நிலம் உள்ளவர் நிலை

வெள்ளக் கோட்டுக்குள் இருக்கும் ஓர் ஏக்கரே சொத்தாக உள்ள சிறு உழவரும் உண்டு. மகள் திருமணத்துக்கோ மகன் படிப்புக்கோ அதை மனையாக விற்கலாம் என்று எண்ணியிருப்பார். அவரிடம் விற்காதே என்று மட்டும் சொல்வது நியாயம் ஆகாது. அந்த நிலத்தில் வருமானத்துக்கு வழி காட்டுவதும் ஊரின் கடமை.

அத்தகைய நிலத்தில் சம்பா பருவத்துக்கு நீரில் மூழ்குவதைச் சுமார் இரண்டு வாரம் தாங்கும் சி.ஆர்.1009 சப்-1 நெல் இரகத்தைப் பயிரிடலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பர் இறுதிக்குள் அறுவடை முடியும் குறுகிய காலப் பயிர்கள் ஏற்றவை. மழை முடிந்து தை மாதத்தில் தர்பூசணி, வெள்ளரி, நிலக்கடலை பயிரிடலாம். கரையோரம் மூங்கிலும் வெட்டிவேரும் மண் அரிப்பைத் தடுக்கும். தீவனப்புல் கறவை மாடுகளுக்கு ஆகும். மோட்டார் கொட்டகையின் மேடையை வெள்ளக் கோட்டுக்கு மேல் உயர்த்திக் கட்ட வேண்டும். மாடுகளை ஓட்டிச் செல்ல ஒரு மேட்டிடத்தை முன்பே ஒதுக்க வேண்டும்.

நெதர்லாந்து நாட்டில் 1995-ல் ரைன், மாஸ் நதிகளில் வெள்ளம் வந்தபோது சுமார் இரண்டரை லட்சம் மக்களை வெளியேற்ற நேர்ந்தது. அதன் பிறகு கரையை மேலும் உயர்த்துவதை மட்டும் நம்பாமல் நதிக்கு இடம் விடும் திட்டத்தை வகுத்தார்கள். ஓவர்டீப்சே என்ற இடத்தில் உழவர்களே முன்வந்து, வீட்டையும் மாட்டுத் தொழுவத்தையும் உயர்ந்த மண் மேடுகளுக்கு மாற்றிக்கொண்டு, சுற்றியுள்ள நிலத்தில் தொடர்ந்து பயிர் செய்கிறார்கள். வெள்ளம் வந்தால் வயல் நனையும், வீடு நனையாது.

நிலமற்றோருக்கு முதலிடம்

கணக்குப் போடாத ஊரில் அதிகம் துன்பப்படுபவர்கள் நிலமற்ற கூலித் தொழிலாளர்கள். நத்தத்தில் இடம் தீர்ந்ததும் அவர்களின் பிள்ளைகள் வாய்க்கால் கரையிலும் ஏரிப் புறம்போக்கிலும் குடிசை போடுகிறார்கள். வெள்ளத்தில் முதலில் மூழ்குவது அந்தக் குடிசை. ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-ல் இயற்றப்பட்ட தமிழ்நாடு சட்டத்தின் கீழ் முதலில் அகற்றப்படுவதும் அதுவே. மேட்டு நிலம் மலிவாக உள்ள இன்றே சில ஏக்கரை இலவச மனைப் பட்டாவுக்கென ஒதுக்கிக் கேட்கும் ஊர், பத்து ஆண்டுக்குப் பின் ஒருவரையும் கரையிலிருந்து விரட்ட வேண்டியிராது.

மனை வாங்குவோரும் விற்போரும் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். அங்கீகாரம் பெறாத மனைகளைப் பதிவு செய்வதற்கு 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்கப்பட்டவற்றை வரன்முறைப்படுத்த 2017-ல் விதிகள் வந்தன. முன்பணம் கொடுப்பதற்கு முன் அங்கீகாரத்தையும் ஊரின் வெள்ளக் கோட்டையும் பார்த்துக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது.

யார் செய்வது?

இந்தப் பகுதிக்கு இது புதிய பழக்கம் அல்ல. அருகில் உள்ள உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்து, 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்த கல்வெட்டுகள் உள்ளன. முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை மூலம் ஆட்களைத் தேர்ந்து சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர் அமர்த்தப்பட்டார்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்குக் குடவோலையில் இடமில்லை. நிலத்தையும் நீரையும் ஆள்வதற்குக் கணக்கே முதல் தகுதி என்று ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன் இந்த மண்ணில் கல்லில் எழுதி வைத்தார்கள்.

இன்று அந்த இடத்தில் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அன்று வரைபடத்தில் ஐந்து கோடுகளையும் போட்டு ஊராரிடம் காட்டலாம். அக்டோபர் 2-க்குள் மூன்று கணக்குகளையும் முடித்து, வீட்டு மனைக்கு உகந்த நிலம் எது, கூடாத நிலம் எது என்று தீர்மானம் நிறைவேற்றி, கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்கலாம். தீர்மானத்தின் நகலை வட்டாட்சியர், நகர் ஊரமைப்புத் துறை, நீர்வளத் துறைப் பொறியாளர் ஆகியோருக்கு அனுப்ப வேண்டும். ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை கணக்கைத் திருத்த வேண்டும்.

முதல் வேலைக்குச் செலவே இல்லை. 2021-ல் தண்ணீர் நின்ற இடத்தைப் பார்த்த பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு, கிராம வரைபடத்தின் நகலுடன் ஒரு காலை நேரம் வயல் வரப்பில் நடந்தால் போதும். அவர் சுட்டும் புல எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த மனைக் கல் நடப்படும் முன் அந்தக் கோடு வரைபடத்தில் இருக்கட்டும்.